நன்றாக நடக்கும் பாட்டிக்கும் சமநிலைச் சோதனை தேவையா?

“எங்கள் பாட்டிக்கு ஒரு குறையும் இல்லை. தனியாகவே ஈரச்சந்தைக்குப் போய் வருகிறார்.” நான் இயன்முறை சிகிச்சை படிப்பதை அறிந்ததும் நண்பர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. ஆனால், நடக்க முடிவது வேறு. தடுமாறும்போது சமாளிக்க முடிவது வேறு.

நாம் விழாமல் நிற்க, கண், உட்செவி, பாதத்தின் தொடுவுணர்வு மூன்றும் மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. வயதாகும்போது ஒன்றின் தளர்ச்சியை மற்றொன்று ஓரளவு ஈடுகட்டும். அதனால் வெளிச்சமான, சமமான தரையில் வேறுபாடு தெரிவதில்லை. இரவில் விளக்குப் போடாமல் கழிவறைக்குச் செல்லும்போதோ பேருந்து திடீரென நிற்கும்போதோதான் அது தெரியவரும்.

பரவலாகப் பயன்படும் ஒரு சோதனையில், நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டியின்படி, இதற்கு 12 விநாடி அல்லது அதற்கு மேல் எடுப்பவர் விழும் அபாயம் உள்ளவர்.

சுறுசுறுப்பான மூத்தோர் பலர் இதில் எளிதாகத் தேறிவிடுவர். உயர்நிலை மாணவருக்குத் தொடக்கநிலை வினாத்தாளைக் கொடுப்பதுபோல்தான் இது. அத்தகையோருக்கென உருவாக்கப்பட்டது ஃபுல்லர்ட்டன் அளவுகோல். மொத்தம் 10 பணிகள், 40 மதிப்பெண்கள். கண்ணை மூடிக்கொண்டு மெத்தென்ற பஞ்சுப் பலகையில் நிற்பது, தலையை இருபுறமும் திருப்பியபடி நடப்பது, ஒற்றைக்காலில் நிற்பது ஆகியவை அவற்றில் அடங்கும்.

பயிற்சியின்போது ஒரு மூதாட்டி என்னிடம் மெல்லக் கேட்டார்: “மார்க் குறைஞ்சா என் மகன்கிட்ட சொல்லிருவியா தம்பி? அப்புறம் என்னைத் தனியா வெளிய விடமாட்டான்.”

விழுவதைவிட, சுதந்திரம் பறிபோவதே அவருக்குப் பெரிய அச்சம். உண்மையில், வீட்டிலேயே முடங்கினால் கால் தசைகள் மேலும் வலுவிழக்கும். குறைந்த மதிப்பெண் என்பது தடை உத்தரவு அன்று. எந்தப் பயிற்சி தேவை என்பதற்கான குறிப்பு. கால்களை வலுப்படுத்தும் பயிற்சியும் தைச்சியும் விழும் வாய்ப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. குளியலறையில் கைப்பிடி பொருத்த, வீவக வீடுகளுக்கு ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ் மானியமும் உண்டு.

கடினமான சோதனைகளை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அருகில் பயிற்சி பெற்றவர் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாறுகிறதா? விழுந்துவிடுவோமோ என்ற கவலை உண்டா?

ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். “இனி வெளியே போகாதீங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.