சின்னத்திரையில் நடிப்பும் உடைமையும்: ராதிகா சரத்குமாரின் நெடுந்தொடர் வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் தொலைக்காட்சி நெடுந்தொடர்களைப் பெண் சித்திரிப்பு என்னும் நோக்கில் அணுகும்போது திரையில் தோன்றும் பாத்திரமே ஆய்வுப்பொருளாகிறது; அப்பாத்திரத்தை ஏற்கும் நடிகையின் தொழில்வாழ்வு பின்னுக்குச் சென்றுவிடுகிறது. இக்கட்டுரை ராதிகா சரத்குமாரின் 1999 முதல் 2021 வரையிலான நெடுந்தொடர்ப் பணியை ஆராய்கிறது. நடுவயதுப் பெண் கதையின் மையமாக இருபதாண்டுக் காலம் நிலைபெற்றதற்கு அவருடைய நடிப்பாற்றலோடு தயாரிப்பு உடைமையும் காரணமாக அமைந்தது என்பதை இது விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நெடுந்தொடர், சின்னத்திரை, நடிகை, தயாரிப்பு, உறவுச்சொல், நடுவயதுப் பெண்

முன்னுரை

நெடுந்தொடர் குறித்த உரையாடல் தமிழ்ச் சூழலில் பெரும்பாலும் இரு முனைகளிலேயே நின்றுவிடுகிறது. ஒன்று, தொடர்கள் கண்ணீரையும் குடும்பப் பகையையும் வளர்க்கின்றன என்னும் கண்டனம். மற்றொன்று, அவை பெண்களுக்குரிய பொழுதுபோக்கு என்னும் எளிய வகைப்பாடு. இவ்விரண்டிலும் விடுபட்டுப்போவது, தொடர் ஒரு தொழிற்களம் என்னும் உண்மை. அக்களத்தில் யார் முதலிட்டார், யாருக்கு உரிமை இருந்தது, எந்த வயதுப் பெண்ணுக்கு மைய வேடம் கிடைத்தது ஆகிய வினாக்கள் கதையின் இயல்பையும் தீர்மானிக்கின்றன. இவ்வினாக்களுக்கு விடைகாண ராதிகாவின் பணிவாழ்வு மிகப் பொருத்தமான சான்றாகும். நடிகை, தயாரிப்பாளர் ஆகிய இரு நிலைகளும் ஒருவரிடமே நெடுங்காலம் இணைந்திருந்தமையே அதற்குக் காரணம். அவருடைய தனிவாழ்க்கை இக்கட்டுரையின் எல்லைக்குள் வரவில்லை. பொதுவெளியில் உள்ள பணிகள் மட்டுமே கருத்தில் கொள்ளப்படுகின்றன.

1. திரைப்படத்தில் வயதும் வேடமும்

நாடகத்திலும் திரையிலும் தனித்த நடிப்புமுறையை உருவாக்கிய எம்.ஆர். ராதாவின் மகளான ராதிகா, பாரதிராஜா இயக்கிய ‘கிழக்கே போகும் ரயில்’ (1978) திரைப்படத்தில் பாஞ்சாலி என்னும் கிராமத்துப் பெண்ணாக அறிமுகமானார். தொடர்ந்து ‘நிறம் மாறாத பூக்கள்’ (1979), ‘இன்று போய் நாளை வா’ (1981), ‘மூன்று முகம்’ (1982) முதலிய படங்களில் நடித்தார். கே. விஸ்வநாத் இயக்கிய ‘சுவாதி முத்யம்’ (1986) தெலுங்கிலும், ‘சிப்பிக்குள் முத்து’ என்னும் பெயரில் தமிழிலும் அவருக்குப் பெயர் ஈட்டித் தந்தது. ‘கேளடி கண்மணி’ (1990), ‘கிழக்குச் சீமையிலே’ (1993) ஆகியவை அவருடைய முதிர்ந்த நடிப்புக்குச் சான்றுகள். பின்னதில் அவர் ஏற்ற விருமாயி வேடம், அண்ணன், கணவன் ஆகிய இருவருக்கும் இடையே அல்லலுறும் பெண்ணின் நிலையைக் காட்டியது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வேடங்களின் தன்மை மாறியது. விக்ரமன் இயக்கிய ‘சூர்யவம்சம்’ (1997) படத்தில் சரத்குமார் தந்தை, மகன் என இரு வேடங்களை ஏற்றார். மகனுக்கு இணை தேவயானி. தந்தைக்கு இணை ராதிகா. ‘ஜீன்ஸ்’ (1998) படத்திலும் அவருக்கு மூத்த தலைமுறைப் பாத்திரமே அமைந்தது. அப்போது ராதிகா முப்பதுகளின் நடுப்பகுதியில் இருந்தார். அதே வயதில், அதைக் கடந்தும், ஆண் நடிகர்கள் இளங்காதலராக நடித்துக்கொண்டிருந்தனர். திரைப்படம் நடிகையின் நடிப்பை மறுக்கவில்லை. கதையின் மையத்திலிருந்து ஓரத்துக்கு அவரை இடம்பெயர்த்தது. இந்த இடப்பெயர்ச்சியின் பின்னணியிலேயே அவருடைய சின்னத்திரை வருகையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இங்குக் கருதத்தக்க மற்றொரு செய்தி உண்டு. பிரதாப் போத்தன் இயக்கிய முதல் படமான ‘மீண்டும் ஒரு காதல் கதை’யின் தயாரிப்பாளர் ராதிகாவே. அப்படம் 32ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநர் படத்துக்கான இந்திரா காந்தி விருதைப் பெற்றது. இருபதுகளின் தொடக்கத்திலேயே தயாரிப்புப் பொறுப்பை ஏற்றவர் அவர் என்பதை இது காட்டுகிறது. எனவே, தொண்ணூறுகளில் அவர் தொடங்கிய ராடான் நிறுவனத்தை வாய்ப்புக் குறைந்தபின் தேடிய புகலிடமாக மட்டும் கொள்ள இயலாது. பின்னாளில் ராடான் மீடியாஒர்க்ஸ் என்னும் பெயரில் பங்குச்சந்தையில் இடம்பெறும் அளவுக்கு அது வளர்ந்தது.

2. ‘சித்தி’: ஓர் உறவுச்சொல்லின் மீட்சி

1993 ஏப்ரல் 14 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய சன் தொலைக்காட்சியில், 1999 டிசம்பர் முதல் 2001 நவம்பர் வரை ‘சித்தி’ தொடர் ஒளிபரப்பாயிற்று. ராடான் தயாரித்த இத்தொடரை சி.ஜே. பாஸ்கர் இயக்கினார். சாரதா என்னும் மையப் பாத்திரத்தை ராதிகா ஏற்றார்; சிவகுமார் உடன் நடித்தார். வைரமுத்து எழுதி, தினா இசையமைத்து, நித்யஸ்ரீ பாடிய தொடக்கப் பாடல் கதையின் உணர்வுநிலையை நாள்தோறும் பார்வையாளருக்கு நினைவூட்டியது. தெலுங்கில் ‘பின்னி’ என்னும் பெயரிலும் தொடர் வெளிவந்தது. அதுவும் அதே உறவைக் குறிக்கும் சொல்லே.

‘சித்தி’ என்னும் சொல் தாயின் தங்கையையும், சிற்றப்பனின் மனைவியையும், தந்தையின் இரண்டாம் மனைவியையும் குறிப்பது. முதல் இரு பொருள்களில் அன்பின் சாயலையும், மூன்றாம் பொருளில் அச்சத்தின் சாயலையும் அது ஏற்கிறது. ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்னும் தொடர் அரசியல் மேடைவரை வழங்குவது அந்த அச்சத்தின் ஆழத்தைக் காட்டும். தான் பெறாத பெண்குழந்தையின் நலனையே தன் வாழ்வாகக் கொள்ளும் பெண்ணின் பெயராகச் ‘சித்தி’யை நிறுவியதன்மூலம், ஒரே சொல்லுக்குள் இருந்த இரு சாயல்களில் அன்பின் சாயலைத் தொடர் மேலெழுப்பியது.

இம்முயற்சிக்குத் திரையில் முன்னோடி உண்டு. கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய ‘சித்தி’ (1966) திரைப்படத்தில் பத்மினி, மனைவியை இழந்த முதியவரை மணந்து அவருடைய பிள்ளைகளுக்குச் சித்தியாகிறார். அந்த முதியவராக நடித்தவர் எம்.ஆர். ராதா. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகள் அதே பெயருடைய தொடரின் தலைமைப் பாத்திரத்தை ஏற்றார். இரண்டுக்கும் கதைத் தொடர்பு இல்லை எனினும் வடிவ வேறுபாடு நோக்கத்தக்கது. திரைப்படத்தில் சித்தியின் நல்லியல்பு சில மணிநேரத்துக்குள் மெய்ப்பிக்கப்பட்டு முடிகிறது. நெடுந்தொடரிலோ நானூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளில் அது மீண்டும் மீண்டும் ஐயுறப்பட்டு, மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்கப்படுகிறது. இந்த ஓயாத மெய்ப்பித்தல் இல்லப்பெண்ணின் அன்றாட அனுபவத்தோடு ஒத்துப்போவதால், பார்வையாளர் பாத்திரத்தைத் தம் வீட்டாருள் ஒருவராக ஏற்றனர். நடிகையே ‘சித்தி’ என்று குறிப்பிடப்படும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

3. ஒளிபரப்பு நேரமும் உடைமையும்

‘சித்தி’யைத் தொடர்ந்து ‘அண்ணாமலை’ (2002–2005), ‘செல்வி’ (2005–2006), ‘அரசி’ (2007–2009), ‘செல்லமே’ (2009–2013), ‘வாணி ராணி’ (2013–2018) ஆகியவை ராடான் தயாரிப்பில், ராதிகாவின் நடிப்பில் சன் தொலைக்காட்சியில் வெளிவந்தன. கதைகள் மாறின, உடன் நடித்தோர் மாறினர், இரவு 9.30 மணியும் ராதிகாவும் மாறவில்லை. ஒரு தொடர் முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கியதால், அந்நேரமே அவருடைய நேரமாக அறியப்பட்டது.

இதன் பொருளாதார அடிப்படையை விளக்குவது இன்றியமையாதது. தொலைக்காட்சித் தொடர் தயாரிப்பில் இரு முறைகள் உள்ளன. முதலாவதில், தயாரிப்பாளர் அலைவரிசைக்கு ஒளிபரப்புக் கட்டணம் செலுத்தி ஒரு நேரத்தைப் பெறுகிறார். தொடரைத் தம் செலவில் எடுக்கிறார். அந்நேரத்துக்குள் தமக்கு ஒதுக்கப்பட்ட விளம்பர நேரத்தை விற்று வருவாய் ஈட்டுகிறார். இழப்பும் ஆதாயமும் அவரைச் சார்ந்தவை. இரண்டாவதில், அலைவரிசை தொகையைத் தந்து தொடரை எடுக்கச் செய்கிறது. உரிமையும் விளம்பர வருவாயும் அலைவரிசைக்கே உரியவை. சன் தொலைக்காட்சியில் நெடுங்காலம் முதல்முறையே வழங்கிவந்தது. ராடானின் வளர்ச்சி இம்முறையைச் சார்ந்தது.

முதல்முறையில் தயாரிப்பாளரே நடிகையாக இருக்கும்போது, கதையின் மையத்தில் யார் இருப்பது என்பதை வெளியார் எவரும் தீர்மானிப்பதில்லை. முப்பதுகளின் பிற்பகுதியில் ‘சித்தி’யைத் தொடங்கிய ராதிகா, ‘வாணி ராணி’ நிறைவுற்றபோது ஐம்பதுகளின் நடுப்பகுதியில் இருந்தார். இக்காலம் முழுவதும் அவரே தலைமைப் பாத்திரம். திரைப்படத்தில் எந்த வயது ஓரத்துக்குத் தள்ளியதோ, அதே வயது இங்குத் தொடரின் முதலீடாயிற்று.

ஒப்பீட்டுக்குத் தேவயானியின் பணியைக் கொள்ளலாம். ‘சூர்யவம்சம்’ படத்தின் இளநாயகியான அவர், ஆறு ஆண்டுகளுக்குப் பின் ‘கோலங்கள்’ (2003–2009) தொடரில் அபி என்னும் பாத்திரத்தால் பெரும்புகழ் எய்தினார். விகடன் நிறுவனம் தயாரித்து, திருச்செல்வம் இயக்கிய தொடர் அது. அதன்பின் தேவயானி நடித்த தொடர்கள் வெவ்வேறு அலைவரிசைகளில் வந்தன. ஒரே நேரத்தில் தொடர் அடுத்துத் தொடராக நிலைபெறும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. நடிப்புப் புகழில் இருவரும் ஒப்பானவர். வேறுபாடு உடைமையில் உள்ளது.

4. ஒரு முகம், இரு பெண்கள்

உடைமை பெண்ணிடம் இருந்ததால் கதையின் அறநெறி மாறிற்றா என்னும் வினா எழுகிறது. முழுமையாக மாறவில்லை என்பதே விடை. ‘சித்தி’யின் சாரதாவுக்கு எதிர்நிலையில் நின்றவரும் பெண்ணே. தலைமைப் பெண்ணின் மதிப்பு பொறுமையாலும் குடும்ப நலனுக்காகத் தன்னலம் துறப்பதாலும் நிறுவப்பட்டது. ஆணாதிக்கக் குடும்ப அமைப்பு வினாவுக்கு உள்ளாவதைக் காட்டிலும், அதனைத் தாங்கிநிற்கும் பெண்ணின் வலிமையே போற்றப்பட்டது.

இந்த எல்லையை ‘வாணி ராணி’ தெளிவாகக் காட்டுகிறது. இதில் ராதிகாவுக்கு இரட்டையரான இரு வேடங்கள். வாணி வழக்கறிஞர், ராணி இல்லத்தரசி. சகோதரர் இருவரை மணந்து ஒரே குடும்பத்துக்குள் வாழும் இருவரும் குணத்தாலும் பேச்சாலும் உடையாலும் வேறுபட்டவர். பொதுவாழ்வில் அறிவோடு வாதிடும் பெண்ணும் வீட்டை ஆளும் பெண்ணும் ஒருத்தியாக இருக்கக் கதைமரபு எளிதில் இடம் தருவதில்லை. ஆகவே அவள் இருவராகப் பிரிக்கப்படுகிறாள். பிரிந்த இருவரையும் ஒரே நடிகையின் முகம் இணைக்கிறது. கதை கூறாத ஒன்றை, அதாவது இவ்விரு ஆற்றலும் ஒரு பெண்ணிடமே உள்ளவை என்பதை, நடிப்பு கூறிவிடுகிறது. 1700க்கும் மேற்பட்ட பகுதிகள் இவ்விரட்டை வேடத்தை நிலைநிறுத்தியமை, சின்னத்திரை நடிப்பின் உழைப்பளவையும் உணர்த்தும். நெடுந்தொடரில் அண்மைக்காட்சியே முதன்மைக் கருவி; உடலசைவு குறைந்து, கண்ணும் குரலுமே பொருளைச் சுமக்கின்றன.

5. உடைமை நீங்கியபின்

‘சந்திரகுமாரி’ (2018–2019) தொடருக்குப் பின், 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழ் அலைவரிசையில் பெண்கள் மட்டுமே பங்கேற்ற ‘கோடீஸ்வரி’ நிகழ்ச்சியை ராதிகா தொகுத்து வழங்கினார். அறிவுப்போட்டியில் பெண்களோடு உரையாடும் உரிமையை அவருக்குத் தந்தது, தொடர்கள் வழியே இருபதாண்டுகளில் திரண்ட ‘சித்தி’ என்னும் உறவுநிலையே.

2020 ஜனவரியில் ‘சித்தி 2’ தொடங்கியது. 2021இன் தொடக்கத்தில் ராதிகா அத்தொடரிலிருந்து விலகினார். எனினும் தொடர் அதே தலைப்பில், இளம்பெண்ணான வெண்பாவை மையமாகக் கொண்டு 2022 வரை நீடித்தது. தலைப்பில் உறவுச்சொல் இருந்தது; அதற்கு உரியவர் கதையில் இல்லை. நடுவயதுப் பெண்ணை மையமாக்கிய பெயர், அவர் நீங்கியதும் இளநாயகியின் கதைக்குப் போர்வையாயிற்று.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 2020இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’ நடுவயது இல்லத்தரசியின் கதை. ஆகவே நடுவயதுப் பெண்ணுக்கான இடம் அடியோடு அழிந்தது என்று கூறுதல் பொருந்தாது. ஆனால், வங்காளத்தின் ‘ஸ்ரீமொயி’ தொடரின் மறுவாக்கமான அது, பிறமொழியில் வெற்றிபெற்ற கதையைத் தழுவும் வணிக முடிவின் வழியே வந்தது. தலைமை நடிகையின் உடைமை வழியே வரவில்லை. முன்னது ஒரு பெண் தனக்கென அமைத்துக்கொண்ட இடம். பின்னது பெண்ணுக்கு அளிக்கப்பட்ட இடம். அளிக்கப்பட்ட இடத்தின் நீடிப்பு அளிப்போரின் விருப்பத்தைச் சார்ந்தது.

முடிவுரை

ராதிகாவின் நெடுந்தொடர் வாழ்விலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவதாக, திரைப்படம் வயதின் காரணமாக ஓரத்தில் நிறுத்திய நடிகையைச் சின்னத்திரை மையத்துக்குக் கொணர்ந்தது. ஆயினும் அந்த மையத்தை நிலைநிறுத்தியது ஊடகத்தின் இயல்பு மட்டுமன்று, ஒளிபரப்பு நேரத்தின்மீது அவர் கொண்டிருந்த உரிமையுமாகும். இரண்டாவதாக, ஓர் உறவுச்சொல்லின் பொருட்சாயலை மக்கள் வழக்கில் நெகிழச்செய்யும் ஆற்றல் நெடுந்தொடருக்கு உண்டு. இது சொற்பொருள் ஆய்வாளரும் கருத்தில் கொள்ளத்தக்கது. மூன்றாவதாக, உடைமை பெண்ணிடம் இருந்தபோதும் கதையின் அறநெறி பெருமளவு மரபு சார்ந்தே நின்றது. யார் மையத்தில் நிற்பது என்பதை உடைமை மாற்றியது. அவர் எவ்வாறு மதிக்கப்படுவது என்பதை அது அதே அளவுக்கு மாற்றவில்லை.

எனவே, நெடுந்தொடர்களில் பெண்ணின் நிலையை ஆராய்வோர் பாத்திரத்தின் கண்ணீரையும் பொறுமையையும் மட்டும் கணக்கிட்டு அமைதல் போதாது. அப்பாத்திரம் இடம்பெறும் அரைமணி நேரம் யாருடையது என்பதையும் உடன் வினவுதல் வேண்டும்.