எழுத்து ஒன்று, பிறப்பு வேறு

எலி மருந்துக்கு ஜெர்மன் மொழியில் 'ரட்டன்கிஃப்ட்' என்று பெயர். அதன் பின்பாதியில் இருப்பவை, பிறந்தநாளுக்கு நாம் கொடுக்கும் 'கிஃப்ட்'டின் அதே நான்கு எழுத்துகள். ஆங்கிலத்தில் அது பரிசு, ஜெர்மனில் நஞ்சு.

இது தற்செயல் அல்ல. 'கொடு' என்ற பொருளுள்ள ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து கிளைத்தவை இரண்டும். பழைய ஜெர்மனிலும் இச்சொல்லுக்குக் கொடை என்றே பொருள். கிரேக்கர்கள் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தை 'டோசிஸ்', அதாவது 'கொடுத்தல்' என்றார்கள். டாக்டர்கள் சொல்லும் 'டோஸ்' அதிலிருந்து வந்ததுதான். அந்த வழக்கைப் பின்பற்றி ஜெர்மனிலும் கொடை மருந்தாயிற்று, பிறகு நஞ்சாயிற்று. கடைசியில் நஞ்சு மட்டுமே நிலைத்தது. பழைய பொருள் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில்: பெண்ணோடு கொடுத்தனுப்பும் சீதனம்.

ஸ்வீடிஷ் மொழியில் இதே எழுத்துகளை 'யிஃப்ட்' என்று வாசிக்கிறார்கள். நஞ்சு என்றும் பொருள், கல்யாணமானவர் என்றும் பொருள்! மகளை மணம் செய்து கொடுப்பதிலிருந்து வந்தது இரண்டாவது. 'பெண் கொடுத்த இடம்' என்று நாம் சொல்கிறோமே, அதே வழக்கு.

ஆனால் எழுத்து ஒத்துப்போனாலே உறவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 'மோஸ்ட்' என்ற சொல் ஆங்கிலத்தில் 'மிக அதிகம்'. செக், போலிஷ் போன்ற ஸ்லாவிய மொழிகளில் பாலம். போஸ்னியாவின் மோஸ்டார் நகரத்துக்குப் பெயர் வந்தது பாலக் காவலர்களால்தான். ஜெர்மனில் 'மோஸ்ட்' என்றால் பிழிந்த பழச்சாறு, லத்தீனின் 'முஸ்டும்' தந்த சொல். ஹங்கேரியனில் இதே எழுத்துகளை 'மோஷ்ட்' என்று வாசிப்பார்கள், பொருள் 'இப்போது'. ஹங்கேரியன் இந்த மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. நான்கும் தனித்தனியாகப் பிறந்து ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கின்றன. இருபத்தாறு எழுத்தைச் சுற்றியே இத்தனை மொழிகள் எழுதும்போது குட்டிச் சொற்கள் இப்படி மோதிக்கொள்ளத்தான் செய்யும்.

ஆங்கிலத்தின் 'பெயின்', அதாவது வலி, லத்தீனில் தண்டனையைக் குறித்த 'போய்னா'விலிருந்து வந்தது. பிரெஞ்சில் அதே எழுத்துகள் ரொட்டியைக் குறிக்கும். அதன் மூலம் 'பானிஸ்' என்ற வேறொரு லத்தீன் சொல். எழுத்துக்கூட்டலை நம்பாமல் சொல்லின் பழைய வடிவத்தைத் தேடிப்போனால்தான் உறவு தெரியும்.

மொழிபெயர்ப்புச் செயலியில் ஒற்றைச் சொல்லைத் தட்டும்போது, மொழியை அதுவே கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள். எந்த மொழி என்பதை நீங்களே முதலில் தேர்ந்தெடுங்கள்.