உங்களுக்குத் தெரியுமா? சி.பி. ரேடியோவின் உயிர் வயரில்தான்!

மான்ட்ரியலின் 40ஆம் எண் நெடுஞ்சாலையில் பனி கொட்டும்போது, முன்னால் போகும் டிரக் ஓட்டுநரிடம் ‘பாதை எப்படி?’ என்று கேட்க இன்றும் கைகொடுப்பது சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோ. கனடா இதைப் ‘பொது வானொலிச் சேவை’ என்ற பெயரில் 1962இல் தொடங்கியது. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 40 சேனல்கள். ஏ.எம். பேச்சுக்கு உச்சவரம்பு 4 வாட், எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) முறைப் பேச்சுக்கு 12 வாட். ஆம்ப்ளிஃபயர் மாட்டச் சட்டம் இடம் தராது.

ஆகவே இருக்கும் சக்தியை வீணாக்காமல் இருப்பதே வழி. ஆனால் நல்ல செட்டாகப் பார்த்து வாங்குகிறவர்களும் கோட்டைவிடுவது பேட்டரியிலிருந்து செட்டுக்கு வரும் வயரில்தான். செட் பேசும்போது 4 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 5 மீட்டர் நீளமுள்ள 0.75 சதுர மி.மீ. செம்பு வயரில் கிட்டத்தட்ட அரை வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 4 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 0.1 வோல்ட்டுக்குள் அடங்கும்.

பாசிட்டிவ் வயரைப் பேட்டரியிலிருந்தே நேராக இழுங்கள். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் கட்டாயம். நடுவழியில் வயர் உரசி வண்டியின் தகரத்தில் பட்டால் தீயைத் தடுப்பது அந்த ஃப்யூஸ். செட்டுக்குப் பின்னால் இருக்கும் ஃப்யூஸ் அங்கே உதவாது.

மான்ட்ரியலில் இன்னொரு எதிரி, பனி உருகச் சாலையில் தூவும் உப்பு. எர்த் வயரை வண்டியின் தகரத்தோடு இணைக்கும் போல்ட்டை அது துருப்பிடிக்க வைக்கும். அதனால் அந்த போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகே வயரை முறுக்குங்கள். மேலே கிரீஸ் தடவுங்கள். துரு ஏறிய எர்த்தால் ஸ்பீக்கரில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி கேட்கும். அது கேட்டால் முதலில் அந்த போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்.