தேர்வை மீண்டும் எழுதப் போகிறீர்களா?

நுழைவுத் தேர்வு ஒன்றில் இடம் கிடைக்காத மாணவர், அடுத்த ஆண்டு அதையே மீண்டும் எழுத முடிவு செய்கிறார். முதலில் என்ன செய்வார்? பழைய புத்தகங்களைத் தூசி தட்டி எடுப்பார். சென்ற ஆண்டைவிட நாளுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படிப்பதென்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுவார். முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்குவார். இது சரியான வழிதானா? அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

சட்டக் கல்விக்கான 'கிளாட்' என்னும் பொது நுழைவுத் தேர்வையே எடுத்துக்கொள்வோம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர 2008ஆம் ஆண்டு முதல் இத்தேர்வு நடைபெறுகிறது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இதன் வழியேதான் மாணவர்களைச் சேர்க்கிறது. இளநிலைத் தேர்வில் 120 வினாக்கள். நேரம் 2 மணி. சரியான விடைக்கு 1 மதிப்பெண். தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் கழிக்கப்படும். வயது உச்சவரம்பு கிடையாது. எனவே மீண்டும் எழுதலாம். ஆனால் அதற்கு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த ஓர் ஆண்டை வீணாக்கலாமா?

மறதியை அளந்தவர்

ஜெர்மானிய உளவியல் அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளை வரிசையாக எழுதி, தாமே மனப்பாடம் செய்தார். சிறிது காலம் கழித்து அதே வரிசையை மீண்டும் மனப்பாடம் செய்தார். இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 1885இல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

20 நிமிடம் கழித்து மீண்டும் கற்றபோது 58 விழுக்காடு உழைப்பு மிச்சமாயிற்று. ஒரு மணி நேரம் கழித்து 44 விழுக்காடு. ஒரு நாள் கழித்து 34 விழுக்காடு. 31 நாட்கள் கழித்து 21 விழுக்காடு. மறதி முதல் நாளில் மிக விரைவாகவும், பிறகு மெதுவாகவும் நிகழ்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது அல்லவா?

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது. அப்படியானால், மீண்டும் படிப்பவர் வெறுங்கையுடன் தொடங்கவில்லை என்றுதானே பொருள்?

எபிங்ஹாஸ் இன்னொன்றும் கண்டார். 12 அசைகள் கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை திரும்பத் திரும்பப் படித்ததால் கிடைத்த பயன், மூன்று நாட்களில் பிரித்து 38 முறை படித்ததிலேயே கிடைத்தது. இடைவெளி விட்டுப் படித்தால் உழைப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது!

'தெரிந்தது போல' என்னும் பொறி

மீண்டும் எழுதுபவருக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. புத்தகத்தைத் திறந்தால் எல்லாப் பக்கமும் பழகிய முகமாகவே தோன்றும். 'இது எனக்குத் தெரியுமே' என்று மனம் சொல்லும். ஆனால் பார்த்து அடையாளம் காண்பது வேறு. பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவருவது வேறு.

2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியை இருமுறை படித்தனர். மற்றொரு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, நினைவில் இருந்ததைப் பார்க்காமல் எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினர்: 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாயிற்று. படித்தவர்கள் 42 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடு! ஆகவே புத்தகத்தை மூடிவைத்து உங்களை நீங்களே கேள்வி கேட்பதுதான் உண்மையான படிப்பு.

முதல் வேலை: தவறுகளைப் பிரித்தல்

நோய் அறியாமல் மருந்து தரலாமா? சென்ற தேர்வின் வினாத்தாளை எடுங்கள். இழந்த மதிப்பெண்களை நான்கு பிரிவாக எழுதுங்கள்: தெரியாததால் போனவை, அவசரத்தில் தவறாகப் படித்ததால் போனவை, நேரமின்றி விட்டவை, ஊகித்துத் தவறியவை. முதலாவதற்குப் பாடம் படிக்க வேண்டும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பயிற்சி தேவை. ஒரு வினாவுக்குச் சராசரியாகக் கிடைப்பது 60 விநாடிதான். பத்தியைப் படிக்கும் நேரமும் அதில் அடக்கம்.

நான்காவதற்குக் கொஞ்சம் கணக்கு போதும். நான்கு விடைகள் உள்ள 16 வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், சராசரியாக 4 சரி, 12 தவறு. கிடைப்பது 4 − 3 = 1 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் பொருந்தாத இரண்டு விடைகளை நீக்கிவிட்டுக் குறித்தால் 8 சரி, 8 தவறு: 8 − 2 = 6 மதிப்பெண். பார்த்தீர்களா வித்தியாசத்தை! இன்னொன்று: விட்டுவிட்ட வினாவைச் சரிசெய்தால் 1 மதிப்பெண் கூடும், தவறிய வினாவைச் சரிசெய்தால் 1.25 கூடும். எனவே தவறுகளே முதலில் கவனிக்க வேண்டியவை.

எட்டு மாத அட்டவணை

அண்மை ஆண்டுகளில் கிளாட் தேர்வு டிசம்பரில் நடைபெறுகிறது. பள்ளித் தேர்வு முடிந்து ஏப்ரலில் தொடங்கினால் எட்டு மாதங்கள் கிடைக்கும்.

ஏப்ரல்: தவறுகளைப் பிரித்து, மிகவும் பலவீனமான பகுதிகளைத் தேர்ந்தெடுங்கள்.

மே முதல் ஆகஸ்ட் வரை: படிப்பு நேரத்தில் பாதி புதிய பாடத்துக்கு, பாதி பழைய பாடத்துக்கு. இன்று கற்ற கணக்கு முறையை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்துப் பார்க்காமல் செய்து பாருங்கள். தவறினால் மறுநாளிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

செப்டம்பர், அக்டோபர்: வாரம் ஒரு முழு வினாத்தாள், சரியாக 2 மணி நேரத்தில். மறுநாள் முழுவதும் அதன் தவறுகளை ஆராய்வதற்கே.

நவம்பர்: வாரம் இரண்டு வினாத்தாள்கள். புதிய புத்தகம் எதையும் தொட வேண்டாம்.

எல்லா மாதங்களுக்கும் பொதுவான ஒரு வேலை செய்தித்தாள் படிப்பது. நடப்பு நிகழ்வுகளிலும் பொது அறிவிலும் 28 முதல் 32 வினாக்கள் வருகின்றன. சென்ற ஆண்டின் செய்தி இந்த ஆண்டுக்கு உதவாது. சட்டப் பகுதிக்கோ முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதி பத்தியிலேயே தரப்பட்டிருக்கும். அதைப் பொறுமையாகப் படித்துப் பொருத்திப் பார்க்கும் பழக்கமே வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

இதையெல்லாம் நாம் சொல்வதால் மட்டும் நம்பிவிட வேண்டாம். 'தீநு', 'மைழி' போன்ற பொருளற்ற சொற்கள் 12 எழுதி ஒரு வரிசை அமையுங்கள். அதேபோல் இன்னொரு வரிசையும் அமையுங்கள். முதலாவதை ஒரே மூச்சில் 12 முறை படியுங்கள். இரண்டாவதை நாளுக்கு 4 முறையாக மூன்று நாட்கள் படியுங்கள். இரண்டையும் முடித்த ஒரு வாரம் கழித்துப் பார்க்காமல் எழுதுங்கள். எந்த வரிசை அதிகம் நினைவில் நிற்கிறது? நண்பர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டால் முடிவு இன்னும் உறுதியாகும். அந்த முடிவைப் பார்த்த பிறகு உங்கள் கால அட்டவணையை எழுதத் தொடங்குங்கள்!