பழைய கணிப்பொறிக்குப் புதிய திரை

1984-85இல் இந்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தின்கீழ் சுமார் 250 பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்கியது. அப்பள்ளிகளுக்கு வந்தது 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் பொறி. அதை இன்றைய தட்டையான எல்.சி.டி. திரையுடன் இணைத்தால், திரை இருண்டு கிடக்கலாம். அல்லது எழுத்துகள் நடுங்கலாம். ஏன்?

அப்பொறி படக்குழாய்த் தொலைக்காட்சிக்காக அமைந்தது. வினாடிக்கு 15,625 வரிகளை, 50 படங்களாக அனுப்புகிறது. இன்றைய கணிப்பொறித் திரைகள் பெரும்பாலும் 31,000 வரிகளுக்கு மேல், 60 படங்களை எதிர்பார்க்கின்றன. எனவே இடையில் ஒரு மாற்றி தேவை.

மாற்றி 50 படங்களை எப்படி 60 ஆக்கும்? ஒவ்வோர் ஐந்தாவது படத்தையும் இருமுறை காட்டும்! பொத்தேரியிலிருந்து தாம்பரம் செல்லும் மின்ரயிலில், வெளியே கம்பங்கள் சீராக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து கம்பங்களுக்கு ஒருமுறை ரயில் கணநேரம் நின்றால் எப்படியிருக்கும்? திரையில் நகரும் உருவமும் அப்படித்தான் தத்தும்.

நடுக்கத்துக்குக் காரணம் வேறு. பொறி ஒற்றைப்படை வரிகளை ஒரு தடவையும், இரட்டைப்படை வரிகளை மறு தடவையும் அனுப்புகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டும் மாற்றியில் எழுத்துகள் மேலும் கீழும் ஆடும்.

எல்.சி.டி. புள்ளியோ அடுத்த படம் வரும்வரை தன் நிலையை விடாது. படக்குழாய்ப் புள்ளிபோல உடனே மங்காது. ஆகவே 50 படங்கள் அதற்குக் குறைவல்ல.

திரை வாங்குமுன் விவரத்தாளில் 15,625 வரி, 50 படம் என்ற இரண்டையும் அது ஏற்குமா என்று பாருங்கள். பிறகு எழுத்துகளை ஓடவிட்டுச் சோதியுங்கள். அசையா எழுத்தில் நடுக்கமும் ஓடும் எழுத்தில் தத்தலும் இல்லையென்றால், அதுவே ஏற்ற திரை!