சில்லறை பொழியும் துப்பாக்கி

தஞ்சாவூர் கீழவாசலில் பீரங்கி மேட்டின்மேல் ஒரு இரும்புக் குழாய் கிடக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து இணைத்தது. எடை சுமார் 22 டன். அதை நாம் அழைக்கும் பெயருக்குள் பிரான்சு இருக்கிறது. அந்நாட்டுக்குப் பெயர் தந்த பிராங்கு மக்களைப் பாரசீகர் 'ஃபிரங்கி' என்றார்கள். அந்தச் சொல்தான் இங்கே பறங்கியாகவும் பீரங்கியாகவும் ஆயிற்று.

பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் இயந்திரத் துப்பாக்கிக்கு எங்கிருந்து பெயர் எடுத்தார்கள்? சில்லறைக் காசிலிருந்து.

ஃபிளாண்டர்ஸ் பக்கம் புழங்கிய மிகச் சிறிய செப்புக்காசு 'மித்'. அதிலிருந்து சில்லறை என்ற பொருளில் 'மித்தாய்' வந்தது. நடுவே ஒரு ரகரம் புகுந்து 'மித்ராய்' ஆனபோது, உடைசல் இரும்பையும் அது குறித்தது. பெரிய குண்டுக்குப் பதிலாக ஆணியும் இரும்புத் துண்டும் பீரங்கியில் திணித்துச் சுட்டால், கிட்டே வந்த காலாட்படைமேல் அவை விதைநெல்லாய்ச் சிதறும். அந்தச் சரமாரியும் 'மித்ராய்'தான். அதைப் பொழியும் இயந்திரம் 'மித்ராயேஸ்'.

கடைசியில் வரும் 'ஏஸ்' பெண்பால் விகுதி. வேலை செய்யும் இயந்திரங்களுக்கும் பிரெஞ்சு அதையே சூட்டுகிறது. அறுக்கும் இயந்திரம் 'முவாசொனேஸ்', கதிரடிப்பது 'பத்தேஸ்'. தை மாதம் நம் சம்பா வயலில் இறங்கும் அறுவடை இயந்திரத்துக்கு அங்கே இவ்விரண்டும் சேர்ந்த பெயர். நெல்லறுப்பதற்கும் ஆளைச் சாய்ப்பதற்கும் ஒரே விகுதி என்பது என் மனதைப் பிசைகிறது.

மூன்றாம் நெப்போலியன் காலத்தில் இரகசியமாகச் செய்யப்பட்ட மித்ராயேஸில் 25 குழாய்கள். தோட்டாத் தகட்டைப் பின்னால் செருகிக் கைப்பிடியைச் சுற்றவேண்டும். நிமிடத்துக்கு நூறு குண்டுக்குக் குறையாது. 1870இல் பிரஷ்யப் போரில் பீரங்கிகளோடு சேர்த்துத் தொலைவில் நிறுத்தினார்கள். குண்டுகளோ சிதறாமல் ஒரே இடத்தில் குவிந்தன. சிதறலால் பெயர் பெற்றது சிதற மறுத்தது. பின்னர் மாக்சிம் என்பவர் வடிவமைத்த ஒற்றைக்குழாய் இயந்திரத் துப்பாக்கி வந்தது, பிரெஞ்சில் பெயர் மாறவில்லை.

மீண்டும் சில்லறைக்கு வருவோம். 1739 முதல் 1954 வரை காரைக்காலை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பிரெஞ்சிந்தியச் செப்புக்காசில் தமிழில் 'புதுச்சேரி' என்றே பொறித்தார்கள். அதுபோன்ற சில்லறைக் காசுகள் சட்டைப்பையில் கலகலத்தால், பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் அதற்கு இன்றும் 'மித்ராய்' என்றுதான் பெயர்.