காணித் தரகர் யாருடைய ஆள்?

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். குண்டசாலைப் பக்கம் 15 பேர்ச்சஸ் காணி ஒன்று பிடித்துப்போயிற்றாம். கூட்டிப்போய்க் காட்டிய தரகர், "அக்கா, நான் உங்க ஆளு. விலையைக் கொறைச்சுத் தர்றது என் பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பலாமா என்று கேட்கிறார்.

தரகர் உங்கள் ஆள் இல்லை. விற்பவருடைய ஆள் என்றும் சொல்ல முடியாது. கண்டி குட்ஷெட்டில் பஸ்ஸுக்கு ஆள் ஏற்றிவிடும் தம்பிமாரைப் பார்த்திருப்பீர்கள். நம்மிடம் "சீட் இருக்கு, ஏறுங்க" என்பார்கள். மறு நிமிஷம் சாரதியிடம் "ஆள் நெறைஞ்சிருச்சு, எடுங்க" என்பார்கள். பஸ் கிளம்பினால்தான் அவர்களுக்குக் காசு. உறுதியில் கையெழுத்து விழுந்தால்தான் தரகருக்குக் காசு. இதில் களவு ஒன்றும் இல்லை, தொழில் அப்படி.

கொமிஷனை வழக்கமாக விற்பவர் தருவார். நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று பேசிக்கொள்வார்கள். வாங்குபவரிடமும் கேட்டு வாங்குபவர்கள் உண்டு. இன்னொரு பேச்சும் நடக்கும். "பேர்ச்சஸுக்கு ஆறு இலட்சம் என் கைக்கு வந்தால் போதும், மேலே விற்பது உன் சாமர்த்தியம்" என்று காணிக்காரர் சொல்லிவிடுவார். ஏழுக்கு விற்றால் 15 பேர்ச்சஸில் 15 இலட்சம் தரகருக்கு. அப்படிப் பேசிவிட்டு வந்தவர் உங்களுக்காக விலையைக் குறைப்பது, தன் சட்டைப்பைக்குள் கைவிட்டு எடுத்துத் தருவது போலத்தான். காணியை அறிந்தவர் ஒருவர், வாங்குபவரை அறிந்தவர் ஒருவர், இருவரையும் அறிந்தவர் ஒருவர் என்று சங்கிலியாக வந்தால் அந்தப் பணம் அத்தனை பேருக்கும் பிரிய வேண்டும். அதனால்தான் முதல் நாள் காட்டும் பிளானின் போட்டோப் பிரதியில் சொந்தக்காரர் பெயர் இருக்கும் மூலை கவனமாக மடிக்கப்பட்டிருக்கும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் ஏஜென்ட் விற்பவருடைய ஆள் என்பது வெளிப்படை. அமெரிக்காவில் இரு தரப்புக்கும் தனித்தனி ஏஜென்ட் இருந்தாலும், வாங்குபவருடைய ஏஜென்டின் கூலி பெரும்பாலும் விற்பவர் பக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 17 முதல், வீட்டைக் காட்டுவதற்கு முன்பே கூலியை எழுத்தில் பேசி முடிக்க வேண்டும் என்றானது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டம் முகவர்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. நம் நாட்டிலோ 2006 ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டம் காணித் தரகர்களையும் கவனிக்கிறது. ஆனால் அது தேடுவது கறுப்புப் பணத்தை. நீங்கள் ஏமாறுகிறீர்களா என்பது அதன் கவலை அல்ல.

காணியைக் காட்டுவதில் கண்டித் தரகர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஹந்தானை தெரிகிறது, மகாவலிக் காற்று வருகிறது என்பார்கள். சரிவைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைப் பெயர்த்துப் போட்ட பிறகும் தேசிய கட்டிட ஆராய்ச்சி அமைப்பின் மண்சரிவு அறிக்கையை முற்பணம் கொடுத்த பிறகே தேடுபவர்களைக் காண்கிறேன்.

உங்கள் ஆளாக இருக்க வேண்டியவர் நொத்தாரிசு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இல்லாமல் காணி கைமாறாது. அவர் காணிப் பதிவகத்தில் பழைய தொகுதிகளைப் புரட்டுவார். ஒரு காணிக்கு ஒரு பக்கம். அது நிரம்பினால் பதிவு இன்னொரு தொகுதிக்குப் போகும். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று பக்கத்திலேயே குறித்திருக்கும். அந்தத் தடத்தைப் பிடித்து முப்பது வருஷம் பின்னால் போவது வழக்கம்.

அப்படிப் போகும்போது கண்டியில் ஒரு வினோதம் எதிர்ப்படும். விற்பவருக்குக் காணி நன்கொடை உறுதியால் வந்திருக்கும். தகப்பன் மகனுக்கு எழுதிக் கொடுத்தது. கொடுத்தவர் கண்டியச் சட்டத்துக்கு உட்பட்ட சிங்களவர் என்றால், கொடுத்ததை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்! 1938 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூல விதி அப்படி; உங்கள் உறுதிக்கு இன்று அது எவ்வளவு செல்லும் என்பதை உங்கள் சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும். மகனின் சம்மதம் வேண்டியதில்லை. நொத்தாரிசிடம் போய் ரத்து உறுதி ஒன்று எழுதினால் போதும். விகாரைக்கோ தேவாலயத்துக்கோ கொடுத்தது, தரும காரியத்துக்காகக் கொடுத்தது, நடக்கவிருக்கும் கலியாணத்துக்காக என்று எழுதிக் கொடுத்து அந்தக் கலியாணமும் நடந்தது, ரத்து செய்யும் உரிமையை வெளிப்படையாகக் கைவிட்டது ஆகியவை மட்டும் விலக்கு.

இந்தச் சட்டம் மண்ணோடு ஒட்டியதல்ல, ஆளோடு ஒட்டியது. பக்கத்துக் காணிக்காரர் தமிழர் என்றால் கதை வேறு. அவர் கொடுத்த நன்கொடை பொதுவாக மீளாது. பிள்ளை நன்றி கெட்டு நடந்தான் என்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். அதற்கென 2017 இல் தனிச் சட்டமே வந்தது.

எனக்குக் கண்டியச் சட்டத்தின் இந்த மூலை பிடிக்கும். வயதான காலத்தில் சோறு போடுவான் என்று நம்பித்தான் கிழவர் காணியை எழுதுகிறார். போடாவிட்டால் அவர் கையில் ஓர் ஆயுதம் மிஞ்சுகிறது. பெற்றாரை முன் விறாந்தைக் கதிரையில் ஒதுக்கி வைத்த வீடுகளைப் பார்க்கும்போது, எல்லாருக்கும் இந்தச் சட்டம் இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் அந்த மகனிடம் காணி வாங்குபவருக்கு இதே ஆயுதம் தலைக்கு மேல் தொங்குகிறது. தரகருக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்தாலும் சொல்வதில் அவருக்கு இலாபம் இல்லை.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் சிக்கனம் பிடிக்கிறார்கள். முத்திரை வரி முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதை முணுமுணுக்காமல் கட்டுவார்கள். குளியலறை டைல்ஸுக்குக் கொழும்பு வரை போவார்கள். சட்டத்தரணிக்கு மட்டும் தனியாக ஏன் செலவு என்று, தரகர் சொன்ன, விற்பவருக்கும் எழுதுகிற அதே நொத்தாரிசிடம் போய் உட்காருவார்கள். உங்களுக்கென்று ஒருவரைப் பிடியுங்கள். உறுதியின் பிரதியை அவரிடம் கொடுத்து, நன்கொடையா, கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், ரத்து உரிமையைக் கைவிட்டதாக அந்தப் பெரியவரையும் விற்பனை உறுதியில் கையெழுத்திட வைப்பார். பெரியவர் வர மறுத்தால் காணியை விட்டுவிடுங்கள்.